மலைப்பயணமும் ஓர் அமானிதமே

 

தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்துவிட்டால் கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. தெற்கு நோக்கிச் செல்லும் அந்த வாகன வெள்ளத்தில் நம் ஜமாஅத்தின் இளைஞர்களும் இருக்கின்றனர். அண்மையில் நம்மிடம் ஓதிய பழைய மாணவர்கள் ஐவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்தித்தனர். "ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை இரவு ஊட்டிக்குப் புறப்படுகிறோம். காலையில் அங்கே சேர்ந்து, கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கி, ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடுவோம். துஆச் செய்யுங்கள், கஸ்ருத் தொழுகையின் சட்டத்தையும் சொல்லுங்கள்" என்றனர்.

துஆச் செய்தோம், சட்டத்தையும் சொன்னோம். பிறகு, "வாகனம் ஓட்டுபவர் யார்?" என்று கேட்டோம். ஐவரில் ஒருவருக்கே ஓட்டத் தெரியும். அவரோ மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். வெள்ளி மாலை வரை அவருக்கு வேலை. "அப்படியானால் நீ எப்போது உறங்குவாய்?" என்றோம். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், ஹஜ்ரத்" என்று சிரித்தார். அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம்.

தவக்குல் என்பது இதுவன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்ட மனிதரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. உறக்கமின்றி 500 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி, அதே களைப்போடு மலைப்பாதையில் இறங்குவது ஒட்டகத்தை அவிழ்த்துவிடுவதற்கு ஒப்பாகும்.

மாணவர்களுள் ஒருவர், இரவில் பூமி சுருட்டப்படுவதாகக் கூறி இரவுப் பயணத்தை ஊக்குவிக்கும் ஹதீஸ் உண்டே என்று வினவினார். ஆம், அபூதாவூதில் உண்டு. ஆனால் கைபரிலிருந்து திரும்பிய இரவை அவருக்கு நினைவூட்டினோம். நீண்ட நேரம் பயணம் செய்து களைத்த நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கி, விழித்திருந்து காவல் காக்கும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலாலோ தம் ஒட்டகத்தில் சாய்ந்தவாறே தம்மையறியாமல் உறங்கிவிட்டார். வெயில் சுட்டபோதுதான் அனைவரும் விழித்தனர். இது முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி. பிலாலையே வென்ற உறக்கம், பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்ற நம் பிள்ளையை விட்டுவிடுமா? மேய்ப்பவர் கண்ணயர்ந்தால் ஒட்டகம் நின்றுவிடும், கார் நிற்காது.

கல்லட்டிப் பாதை எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அச்சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கம் மிகச் செங்குத்தானது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்குவர். அது சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சென்ற நண்பர்கள் எழுவரின் கார் அப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. எவரும் அறியாத நிலையில் இரண்டு நாட்களுக்குப் பின்பே அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர். ஐவர் உயிரிழந்தனர், இருவரே மீண்டனர். அவர்களும் நம் பிள்ளைகளைப் போல் விடுமுறையைக் கழிக்கச் சென்றவர்களே.

அவ்விபத்துக்குப் பின் வெளியூர் வாகனங்கள் அவ்வழியாகக் கீழிறங்கத் தடை விதிக்கப்பட்டது. கூடலூர் வழியாகச் சுற்றிச் செல்வதே வெளியூராருக்குரிய பாதை. இதைச் சொன்னபோது, "சோதனைச் சாவடியில் ஏதாவது காரணம் சொல்லிப் போய்விடலாம், ஹஜ்ரத்" என்றார் ஒருவர். பயண துஆவை ஓதிப் புறப்பட்ட நாவால் பொய் சொல்லியா மலையிறங்குவது? சாலை விதி என்பது அச்சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அளித்த வாக்குறுதி. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. நீலகிரிக்குச் செல்ல 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸையும் இவ்வாறே கருத வேண்டும்.

இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது இரவில் விலங்குகளின் வழி என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது முஸ்லிமில் உள்ளது. முதுமலையை அடுத்த பந்திப்பூர் வனச்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். நமக்கோ அது நபிமொழியை நினைவூட்டுகிறது.

எனவே, பயணம் புறப்படும் இளைஞர்கள் ஐந்து செய்திகளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, மூவர் பயணம் செய்தாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நபிவழி. வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுபவரின் உறக்கம் மற்றவர்கள் அவருக்குச் செலுத்த வேண்டிய ஹக்கு. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று அவரை நெருக்குவது அநீதி.

மூன்றாவது, தொழுகை நேரங்களை வைத்தே பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஜம்உ செய்யும் சலுகையும் உண்டு. ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்தில் கஸ்ராகத் தொழுவர். தொழுகைக்காக நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவருக்கும் ஓய்வு கிடைக்கிறது.

நான்காவது, செல்லும் வழி, தங்குமிடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். மலையில் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்கள் உண்டு. இரண்டு நாட்கள் எவரும் தேடாத நிலை எந்தத் தாய்க்கும் வரவேண்டாம்.

ஐந்தாவது, ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லிவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஏறும்போது இறைவனின் பெருமையைச் சொல்லுங்கள். இறங்கும்போது அவன் தூய்மையைச் சொல்லுங்கள். காரில் பாட்டின் ஒலியைக் கூட்டுவதைவிட இது ஓட்டுபவரின் மனத்தை நிதானப்படுத்தும்.

நம் மாணவர்கள் வெள்ளி இரவு புறப்படவில்லை. சனிக்கிழமை சுப்ஹுத் தொழுகையை நம்முடன் ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டே சென்றனர். மசினகுடியை இம்முறை விட்டுவிட்டனர். அரை நாள் வீணாகிவிட்டதே என்ற வருத்தம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. வருந்தட்டும்; அதை நாம் பொறுத்துக்கொள்வோம். பள்ளிவாசலின் வாயிற்படியில், ஓட்டும் அந்தப் பிள்ளையிடம், "இரவு உறங்கினாயா?" என்று மட்டும் கேட்டோம். "எட்டு மணி நேரம், ஹஜ்ரத்" என்றார்.

பயணிகள் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.