மின்சார வண்டியும் மதுரைப் பிரயாணமும்

"மின்சார மோட்டார் வாங்கலாமா?" என்னும் கேள்வி ஒரு மாத காலமாக நமது வீட்டில் நடமாடி வருகிறது. காலைக் காப்பியின்போதும் அதுதான். இராச் சாப்பாட்டின்போதும் அதுதான். நேயர்களில் பலர் இல்லங்களிலும் இதே பிரஸ்தாபம் கிளம்பியிருக்கக் கூடுமாதலால், நமது விசாரணையை இங்கே எழுதத் துணிகிறோம்.

இவ்வண்டி நேற்று முளைத்த புதுமையன்று. 1899-ஆம் வருஷத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய மோட்டார், ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் பாரிஸுக்கு அருகில் ஓட்டிய மின்சார வண்டியேயாகும். பெட்ரோல் வண்டியைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற வேண்டியிருந்த அந்நாளில், அமெரிக்க நகரத்துச் சீமாட்டிகள் மின்சார வண்டியையே விரும்பினார்கள். 1912-ல் காடிலாக் வண்டியில் தானே கிளப்பும் சாதனம் வந்து சேர்ந்தது. பழைய மவுசு மெல்லக் கரைந்தது.

அன்றாட உபயோகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தில் வண்டி 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர நமக்கு 30 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் அதற்கு ஈடு செய்துவிடலாம். யூனிட் 8 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டோம். பெட்ரோலுக்கு 6,600 ரூபாய்க்கு மேல்; மின்சாரத்துக்குச் சுமார் 1,300. நமது கணக்கில் நமக்கே நம்பிக்கை போதாமல், எட்டாம் வகுப்பில் படிக்கும் புதல்வனிடம் கொடுத்தும் சரிபார்த்தோம்.

தொலைப் பிரயாணம் வேறு சங்கதி. நகரத்தில் பிரேக் போடும்போதெல்லாம் மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் அந்த வரும்படி கிடையாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கம்பெனிக்காரர் சொல்லும் தூரம் பரிசோதனைக் கூடத்தில் கண்டது என்பதை மறந்துவிடலாகாது.

சென்ற கோடை விடுமுறையில் நண்பரான வக்கீல் ஒருவரின் 40 யூனிட் வண்டியில் சென்னையிலிருந்து மதுரைக்குச் சென்றோம். உளுந்தூர்ப்பேட்டை வரையில் 200 கிலோமீட்டர். பாட்டரியில் மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்கு. அங்கே 80 சதவிகிதம் ஏற்ற முக்கால் மணி ஆயிற்று. அதற்கு மேல், குடம் நிரம்பும் தறுவாயில் குழாயை அடக்கித் திறப்பதுபோல் மின்சாரம் மெதுவாகத்தான் ஏறும்; காத்திருப்பது வீண். திருச்சியில்தான் சோதனை வந்தது. அங்கிருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றதில் ஒரு கல்யாண கோஷ்டி முந்திக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் வேப்பமர நிழலில் கழிந்தது. வக்கீல் தமது கேஸ்கள் யாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்!

சாவகாசமாகப் போகிறவர்களுக்கு இது பொருட்டன்று. ஆனால் மதுரையில் நமது தாயார் இருக்கிறார்; வயது 81. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதத்தில் இரவு ஒரு மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. அகப்பட்ட வாடகை வண்டியில் ஏறிக்கொண்டு ஓடினோம். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு மின்சார வண்டி இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

இதை நெடுநேரம் ஆலோசித்ததில் ஒன்று புலப்பட்டது. தினமும் வீட்டில் பிளக்கில் மாட்டும் வண்டி எந்த நள்ளிரவிலும் முக்காலுக்கு மேல் நிரம்பியே இருக்கும். வழியில் இரண்டு நிறுத்தங்கள், அவ்வளவே. வீட்டில் பிளக் இல்லாதவனுடைய வண்டியில் அன்று மிஞ்சியது எதுவோ அதுதான். ஆகவே சொந்த வீடும் வாசலில் ஒரு பிளக்கும் உள்ளவர்கள் தைரியமாக வாங்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் குடியிருப்பதோ மூன்றாவது மாடியில். கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு நமது மீட்டரிலிருந்து கம்பி இழுக்க அனுமதி கோரி, கட்டிடச் சங்கத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். "எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆவது?" என்றார் காரியதரிசி. அடுத்த கூட்டத்தில் விஷயம் வருமாம்.

அதுவரையில் தாயாரைப் பார்க்கப் பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் போய்வருகிறோம். அதுவும் மின்சாரத்தில் ஓடுவதுதான். ஆனால் அதற்கு வழி நெடுகத் தலைக்கு மேலே கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள்.