விளக்கு மெய் சொல்லுமா?

மாதிரிப் புகையிரதம் அமைத்து மகிழ்வோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மிகப் பலர். மேசைமீது தண்டவாளம் பரப்பி, குன்றும் குகையும் நிலையமும் அமைத்து, எல்லாவற்றையும் ஒரு பலகையிலிருந்து இயக்குவர். வண்டியை ஒரு பாதையினின்று மற்றொன்றுக்குத் திருப்பும் அசையும் தண்டவாளத்தைப் ‘பொயின்ற்’ என்பர். அது குன்றின் பின்னே மறைந்திருக்குமாயின் எப்பக்கம் கிடக்கிறது என்பது தெரியாது. ஆகவே பலகையிலே இரு சிறு விளக்குகள் வைப்பர். பச்சை எரிந்தால் நேர்ப்பாதை; சிவப்பு எரிந்தால் கிளைப்பாதை.

அவ்விளக்கு காட்டுவது பொயின்ற் கிடக்கும் நிலையையா, அன்றி நாம் ஆளியைத் திருப்பிய நிலையையா? இதுவே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அமெரிக்காவிலே ‘ரோட்டொய்ஸ்’, அதாவது ஆமை, என்னும் பெயருடைய மோட்டர் ஒன்று பெரிதும் வழங்குகிறது. பெயருக்கேற்ப அது பொயின்றை மெல்ல நகர்த்தும். 12 வோல்ற்றில், அசைவு முடிந்து நின்ற பின்னரும் ஏறத்தாழ 16 மில்லி அம்பியர் மின்னோட்டமே அதிற் பாயும். எனவே இரண்டு ஒளிகாலும் இருவாயிகளை ஒன்றுக்கொன்று எதிராகப் பிணைத்து, மோட்டருக்குச் செல்லும் கம்பியிலேயே தொடராக இணைத்துவிடலாம். எளிய வழிதான். ஆனால் அது மின்னோட்டத்தின் திசையை மட்டுமே அறிவிக்கும். தண்டவாளத்திடையே சிறு கல் சிக்கி, மோட்டர் பாதிவழியில் நின்றாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

மற்றொரு வழியுண்டு. அம்மோட்டரினுள்ளே, அதன் அசைவோடு சேர்ந்து மாறும் தொடுகைகள் உள. ஆளிக்கு முன்னே, திசை மாறாத மின்வழங்கலின் நேர்முனையிலிருந்து 1000 ஓம் தடையி ஒன்றின் வழியாகப் பொதுத் தொடுகைக்குக் கம்பி இழுக்கவேண்டும். மற்ற இரு தொடுகைகளையும் இரு விளக்குகளின் நீண்ட கால்களோடு இணைத்து, குறுங்கால்களை மறைமுனையிற் சேர்க்கவேண்டும். விளக்கு ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொண்டால், எஞ்சிய 10 வோல்ற்றுக்கு 10 மில்லி அம்பியர் பாயும். ஒருவேளையில் ஒன்றே எரிவதால் ஒரு தடையியே போதும்.

எனினும் மோட்டரையும் தண்டவாளத்தையும் பிணைக்கும் கம்பி கழன்றால் இதுவும் ஏமாற்றும். ஆளியினும் மோட்டர் மெய்யன். மோட்டரினும் தண்டவாளமே மெய்யன். மெய்யான புகையிரதப் பாதைகளிலே அசையும் தண்டவாளத்தின் நிலையையே சோதித்தறிந்து சைகை காட்டுவதன் காரணம் இதுவே.

பொய் சொல்லும் விளக்கு விளைக்கும் கேட்டுக்குச் சான்று வேண்டுமா? 1988 டிசம்பர் 12 ஆந் திகதி, இலண்டனிலே கிளப்பம் சந்திக்கு அருகில், சிவப்புக் காட்டவேண்டிய சைகை சிவப்புக் காட்டவில்லை. புதிய இணைப்பு வேலையின்போது அகற்றாது விட்ட பழைய கம்பியொன்று மீண்டும் தன் பழைய முனையைத் தொட்டு, பொய்யான மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டது. வண்டிகள் மோதின, 35 பேர் மாண்டனர்.

ஆதலால், மாணவர்களே, இணைப்பை மாற்றும்போது பழைய கம்பியை இரு முனையிலும் கழற்றி அகற்றிவிடுங்கள். முதன்முறை விளக்கு எரிந்ததும் பலகையை விட்டெழுந்து, குன்றின் பின்னே சென்று பொயின்றைக் கண்ணாற் கண்டு வாருங்கள். விளக்கை நம்பலாமா என்பதற்கு அதுவே விடை.