ஏரியில் கற்ற தூண்டிலும் ஆற்றில் வழுக்கும் காலும்

சேலத்துக்காரர்களில் பலர் தூண்டில் போடக் கற்றது ஏரிக்கரையில். அஸ்தம்பட்டியில் வளரும் பையனுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கத்திலேயே இருக்கிறது. மண்புழுவையோ மைதா உருண்டையையோ முள்ளில் கோத்துவிட்டு, தக்கை அமிழும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் நாலு ஜிலேபி மீனாவது கிடைக்கும். ஏரியில் இருப்பது நிற்கும் தண்ணீர். காலையில் உட்கார்ந்த கல், சாயங்காலமும் அதே உயரத்தில் தண்ணீருக்கு வெளியே இருக்கும். நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதில் தூண்டில் போட்டால் பாலித்தீன் பைதான் மாட்டும். ஆக, ஓடும் ஆற்றோடு எந்தப் பழக்கமும் இல்லாமலேயே ஒருவர் தேர்ந்த தூண்டில்காரர் ஆகிவிட இந்த ஊரில் வழி இருக்கிறது.

பிறகு வண்டி வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர். இல்லையென்றால் எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி. அதுவும் சலித்தால் சங்ககிரி தாண்டிக் குமாரபாளையம். கையில் அதே தூண்டில், காலில் அதே ரப்பர் செருப்பு, இடுப்பில் அதே லுங்கி. எதிரில் இருப்பது மட்டும் காவிரி.

இப்படி ஓர் ஆள் இருப்பதே நம் அறிவிப்புகளுக்குத் தெரியாது. மேட்டூரில் உபரிநீர் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம் வருகிறது: தாழ்வான பகுதி மக்கள் மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும், ஆற்றில் குளிக்கவோ துவைக்கவோ மீன் பிடிக்கவோ செல்பி எடுக்கவோ இறங்கக் கூடாது. கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி இதைச் சொல்லிக்கொண்டு போகும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அஸ்தம்பட்டியில் உறங்கி எழுந்து வருபவரின் காதில் அது எப்படி விழும்? அவர் கரையோர மக்களில் சேரமாட்டார். மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்கிய மீனவரும் இல்லை. பரிசல் துறையில் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ளும் சுற்றுலாப் பயணியும் இல்லை. யாருடைய பொறுப்பிலும் வராத ஆள்.

‘இறங்காதே’ என்பதோடு நிர்வாகம் நிறுத்திக்கொள்கிறது. இறங்குகிறவர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறார். தண்ணீர் எப்போது ஏறும், எங்கே கால் வழுக்கும், விழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒருவேளை அவர் பிழைப்பார். தடை போடுவது சுலபம், விவரம் சொல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும்; அதனால்தான் நமக்குத் தடை மட்டும் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

மேட்டூரின் 16 கண் மதகையே எடுத்துக்கொள்வோம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மின் நிலையங்கள் வழியாக விடக்கூடியது வினாடிக்கு இருபதாயிரத்துச் சொச்சம் கன அடி. வரத்து அதை மிஞ்சி, அணையும் நிரம்பிவிட்டால், மிச்சம் 16 கண் வழியாகப் பாறைப் பரப்பில் பாய்ந்து ஆற்றில் சேரும். 2018 ஆகஸ்ட்டிலும் 2022 ஆகஸ்ட்டிலும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டித் தண்ணீர் போனது. அந்த வெள்ளத்தில் கிறுக்கன்கூட இறங்கமாட்டான். எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆபத்து அடுத்த வாரம் வருகிறது. வரத்து குறைந்து மதகு மூடப்பட்டதும், பாறைகளுக்கு இடையே அங்கங்கே குட்டைகள் நிற்கும். அணையிலிருந்து அடித்து வந்த மீன்கள் அவற்றில் சிக்கித் துள்ளும். செய்தி பரவினால் போதும், வீச்சு வலையும் கொசுவலையும் சாக்குமாக ஊர் இறங்கிவிடும். நாள்கணக்கில் தண்ணீர் ஓடிய பாறையில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படிந்திருக்கும். வெயில் பட்ட பக்கம் காய்ந்து கால் பிடிக்கும். நிழல் பக்கம் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். இரண்டுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூடிய மதகு மூடியபடியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024இல் ஜூலை 30, ஆகஸ்ட் 12, டிசம்பர் 31 என ஒரே ஆண்டில் மூன்று முறை அணை 120 அடியைத் தொட்டது. கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் பெய்யும் மழையைப் பொறுத்து மதகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதில் வேடிக்கை, காவிரி வெள்ளம் திடீரென்று வருவதே இல்லை. கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் ஒகேனக்கல்லைத் தொட ஒரு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்து சொல்கிறது. அணைக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அன்றன்றைக்குச் செய்தியில் வந்துவிடும். பாறையில் நிற்பவருக்கு மட்டும் அது திடீர் வெள்ளம். ‘விநாடிக்கு 30,000 கன அடி’ என்றால் தன் காலடிப் பாறை மூழ்குமா மூழ்காதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? டெல்டாவின் பாசனக் கணக்குக்கு அந்த எண் உதவும். ஒரு நாள் முழுக்க 11,574 கன அடி ஓடினால் ஒரு டிஎம்சி என்று கணக்குப் போடலாம். மீன் பிடிப்பவருக்கு வேண்டியது அடிக் கணக்கு. பாலத் தூணிலும் பெரிய பாறைகளிலும் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை அடித்து, இத்தனை ஆயிரம் கன அடி வந்தால் இந்தப் பட்டை வரை ஏறும் என்று எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு பொறியாளரின் அரை நாளும் போதும்.

மேட்டூருக்குக் கீழே கதை இன்னும் சிக்கலாகிறது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றைக் குறுக்கே மறித்துக் கதவணைகள் கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். கதவணைக்கு மேலே ஆறு ஏரியாகிவிடுகிறது. ‘குட்டி கேரளா’ என்று பூலாம்பட்டியில் சினிமாக்காரர்களும் குடும்பங்களும் படகு ஏறுவது இந்தத் தேங்கிய நீரில்தான். ஏரிப் பழக்கக்காரருக்கு அங்கே பெரிய சங்கடம் இல்லை. ஆனால் மீன் சேருவது கதவணைக்குக் கீழே. மேலே ஏற வழியில்லாமல் அவை அங்கே குமியும். கதவின் மேலாக வழிந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, மேலோட்டம் மறுபடி கதவு பக்கமே திரும்பும். அதில் சிக்கியவரைத் தண்ணீர் வெளியே தள்ளாது, உள்ளேயே உருட்டும். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அங்கே இல்லை. ஜேடர்பாளையம் படுகை அணை போன்ற பழைய தடுப்பணைகளிலும் வழிந்தோடும் நாள்களில் இதே கதைதான். பராமரிப்புக்காகக் கதவணையைத் திறந்து தண்ணீரை வடித்தாலோ திருவிழாதான்; பாறை தெரிய ஆரம்பித்த உடனே கூட்டம் இறங்கும்.

கதவைத் திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது மழை மட்டும் அல்ல, மின் தேவையும்தான். 2014 ஜூன் 8 மாலை இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும், உடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளரும் அடித்துச் செல்லப்பட்டனர். அன்று அங்கே வெள்ளம் இல்லை. மேலே இருந்த லார்ஜி மின் திட்டத்தில் உற்பத்தியைக் குறைக்க உத்தரவு வந்தது. தேங்கிய தண்ணீரைக் கதவு வழியே விட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன இமாச்சல் உயர் நீதிமன்றம், பொறுப்பில் பெரும்பங்கை மின் வாரியத்தின் தலையில் வைத்தது. அந்த மாணவர்கள் ஏன் ஆற்றில் இறங்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளவில்லை.

இனி, காலைப் பற்றிக் கொஞ்சம். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கணுக்காலில் விளையாட்டாக இருந்த ஓட்டம், முழங்காலுக்கு ஏறி வேகமும் கூடியதும் ஆளையே சாய்ப்பது இதனால்தான். லுங்கி அந்தத் தண்ணீரை முழுக்க வாங்கிக்கொண்டு பாய்மரம்போல் இழுக்கும். அரை டிராயரே மேல். ரப்பர் செருப்பு பாசியில் நிற்கவே நிற்காது. ஜப்பானில் ஆற்று மீன் பிடிப்பவர்கள் அடியில் கம்பளி ஒட்டிய காலுறைக் காலணி போடுகிறார்கள். அதற்கு முன்பு வைக்கோல் செருப்பு கட்டினார்கள். நியூசிலாந்து 2008இல் கம்பளி அடிக் காலணியைத் தடைசெய்தது. காரணம் வழுக்கல் இல்லை, ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்கு அதில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறதாம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய கேன்வாஸ் ஷூவின் மேல் தேங்காய் நார்க் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினால் பாறை பிடிக்கும்.

வீச்சு வலைக்காரர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வலைக் கயிற்றின் நுனியைச் சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஏரியில் அது வசதி, வலை கைவிட்டுப் போகாது. ஆற்றில் அடிப்பாறையில் வலை மாட்டி, மேலே ஓட்டமும் அழுத்தினால், அந்தச் சுருக்கு இறுகி ஆளை வலையோடு கட்டிப்போட்டுவிடும். சுருக்கு வேண்டாம், கயிற்றைக் கைக்குள் மடித்துப் பிடித்தால் போதும். போகிற வலை போகட்டும். விழுந்துவிட்டால் உடனே எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், இடுப்பளவு தண்ணீரே ஆளைக் கவிழ்த்து மூழ்கடிக்கும். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகும் திசையில் நீட்டி, ஓட்டம் தணியும்வரை மிதந்து போய்க் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கயிற்றில் கட்டி வீசினால், ஓர் ஆளின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த அது போதும். குடித்துவிட்டு வருகிறவருக்கு இதில் எதுவும் பயன்படாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் நாட்டில் 38,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இவற்றில் வெள்ளக் காலத்துச் சாவுகள் எத்தனை என்று நாம் கேட்பதே இல்லை. விளையாட்டுப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர் மாயனூர் காவிரியில் மூழ்கியது 2023 பிப்ரவரி 15. ஒலிபெருக்கி வண்டி எதுவும் ஓடாத பருவம் அது.

ஐ.நா. 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அதற்குப் பத்து நாளுக்குள் நமக்கு ஆடிப்பெருக்கு வந்துவிடும். அன்று மேட்டூர்ப் படித்துறைகளில் கம்பி, தடுப்பு, தீயணைப்பு வீரர், நீச்சல் தெரிந்தவர் என எல்லா ஏற்பாடும் நடக்கும். செய்ய முடியும் என்பதற்கு அந்த ஒரு நாளே சான்று. மற்ற ஞாயிறுகளுக்கு அவ்வளவு ஆள்பலம் வேண்டியதில்லை. பூலாம்பட்டியிலும் மற்றத் துறைகளிலும் படகும் பரிசலும் ஓட்டுபவர்களுக்குச் சுழல் எங்கே, கசம் எங்கே, எந்தப் பாறை எந்த மாதம் வழுக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. அவர்களில் ஊருக்கு இரண்டு பேரை வார இறுதிக் காவலுக்கு அமர்த்தி, கதவணைக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணையும் ஒரு விசிலையும் கயிற்றையும் கொடுக்கலாம். கதவு திறக்கும் முன் சங்கு ஊதி அரை மணி காத்திருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி எழும். கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த ஆற்றில் மின்சாரம் எடுப்பதும் மின் வாரியம்தானே, அதுவே கொடுக்கட்டும். லார்ஜி தீர்ப்பில் ஒரு குடும்பத்துக்கு விதித்த 20 லட்சத்தில், ஒரு துறைக்கு இரண்டு காவலர்களைப் பல ஆண்டுகள் வார இறுதிதோறும் நிறுத்தலாம்.