மரக்கட்டை முகத்துக்கு இத்தனை மகிமையா?

கூலிக்குக் கொலை செய்கின்றவனைக் கதாநாயகனாக வைத்து எடுக்கப்படும் திகில் படங்களைப்பற்றிப் பேசுகின்ற ரசிகர்களில் ஒரு சாரார் ஒரு சித்தாந்தத்தைச் சொல்லிக்கொண்டு வருகின்றார்கள். அது யாதெனில், அந்தக் கொலைகாரனுக்குக் கோபமோ, பயமோ, இரக்கமோ, ஆசையோ எதுவும் இருக்கக்கூடாது. அவன் முகம் கடைசி வரையில் அசையவே கூடாது. அப்போதுதான் படம் விறுவிறுப்பாக இருக்கும். அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துவிட்டாலும் படம் கெட்டது என்பதாகும். இதைச் சொல்லுகின்றவர்கள் சாமானியர்களல்ல. நாலு தேசத்துப் படங்களைப் பார்த்தவர்கள். டைரக்டர்கள் பெயரை விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள். ஆகவே மற்றவர்களும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, "ஆமாம், அந்தக் கல் நெஞ்சுதான் படத்துக்கே உயிர்" என்று தாளம் போடுகின்றார்கள்.

நாம் இதை ஒப்புக்கொள்ள முடியாது. அப்படங்கள் நன்றாயில்லை என்பது நமது அபிப்பிராயமல்ல. அவற்றில் சில மிகவும் நன்றாகவே இருக்கின்றன. நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தோம். ஆனால் நம் மூச்சைப் பிடித்தது எது என்பதுதான் கேள்வி. அந்த மரக்கட்டை முகமா, அல்லது வேறொன்றா? யார் சொன்னார்கள் என்று பாராமல், படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, இக்கூட்டத்தார் மூலவிக்கிரகமாக வைத்துக் கும்பிடும் படத்தையே எடுத்துக்கொள்ளுவோம். 1967-ல் பிரான்சு தேசத்தில் ழான்-பியேர் மெல்வில் என்பவர் எடுத்த "ல சமுராய்" என்பதுதான் அது. அலென் தெலோன் என்ற நடிகர், கோஸ்தெல்லோ என்ற கூலிக் கொலைகாரனாக வருகின்றார். படம் ஆரம்பித்து ஏறக்குறைய பத்து நிமிஷம் வரையில் பேச்சே கிடையாது. ஆரம்பத்தில், சமுராய் என்னும் ஜப்பானியப் போர் வீரனின் தனிமையைப்பற்றி ஒரு வாசகம் காட்டப்படுகின்றது. அது அவ்வீரர்களுடைய தர்ம நூலிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் போடப்பட்டிருக்கின்றது. தோழர்களே, அந்த வாசகம் எந்த நூலிலும் இல்லை. மெல்வில் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டது! "சாஸ்திரத்தில் இருக்கின்றது" என்று போட்டுவிட்டால் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கப் போகின்றார்கள்? கொலைகாரனுடைய மௌனத்துக்கு ஒரு தெய்வீக வாசனை வந்துவிட்டது, பார்த்தவர்களும் நம்பிவிட்டார்கள். கல் நெஞ்சின் மகிமை ஒரு பொய்ச் சாஸ்திரத்தோடுதான் ஆரம்பமாகின்றது என்பதை மாத்திரம் இங்கே குறித்துக்கொள்ளுவோம்.

அது போகட்டும். அந்தக் கோஸ்தெல்லோவுக்கு மெய்யாகவே உணர்ச்சி கிடையாதா? அவன் தன் அறையில் ஒரு கூண்டுக் குருவியை வளர்க்கின்றான். போலீசார் அவன் இல்லாத சமயத்தில் வந்து ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்து வைத்துவிட்டுப் போகின்றார்கள். அவன் திரும்பி வந்தவுடன் அக்குருவி படபடப்பதைப் பார்த்தே யாரோ வந்து போனார்கள் என்று கண்டுகொள்ளுகின்றான். ஒரு குருவியின் மனநிலையை அறிகின்றவனா உணர்ச்சியற்றவன்? கடைசியில், தன்னைக் காட்டிக்கொடுக்காத ஒரு பியானோ வாசிக்கும் பெண்ணைக் கொல்லும்படி அவனுக்கு உத்தரவாகின்றது. அவள் முன்னால் போய்த் துப்பாக்கியை நீட்டுகின்றான். போலீசார் அவனைச் சுட்டுத் தள்ளுகின்றார்கள். பிறகு பார்த்தால் அவன் துப்பாக்கியில் குண்டே இல்லை! படம் பார்த்தவர்கள் மறக்க முடியாமல் தவிப்பது அந்தக் காலித் துப்பாக்கியைத்தானே? "கொல்ல மாட்டேன்" என்று ஒருவன் தன் உயிரைக் கொடுத்துச் சொன்னதைத்தானே? அப்படியிருக்க, உணர்ச்சியில்லாததால் இப்படம் உயர்ந்தது என்று சொல்லுவது, விளக்கு எரிவதற்குக் காரணம் எண்ணெயல்ல, அகல்தான் என்று சொல்லுவது போலாகும்.

"ஆனாலும் அந்த அசையாத முகம் நம்மை இழுக்கின்றதே" என்று கேட்பார்கள். இழுக்கத்தான் செய்கின்றது. ஏன் இழுக்கின்றது என்பதற்குச் சற்றேறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பே விடை கிடைத்திருக்கின்றது. ரஷ்யாவில் குலெஷோவ் என்ற படக்கலைஞர், மோஷுகின் என்ற நடிகரின் யாதொரு பாவமுமில்லாத முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தையும், ஒரு தடவை பெட்டியில் கிடத்திய பிணத்தையும், ஒரு தடவை விளையாடும் குழந்தையையும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். ஆனால் பார்த்தவர்கள், அந்நடிகர் ஆழ்ந்த யோசனையை எவ்வளவு நன்றாகக் காட்டினார், துக்கத்தை எவ்வளவு நன்றாகக் காட்டினார், சந்தோஷத்தை எவ்வளவு நன்றாகக் காட்டினார் என்று புகழ்ந்தார்களாம். அவருடைய தோழர் புதோவ்கின் இதை எழுதி வைத்திருக்கின்றார்.

இதிலிருந்து என்ன விளங்குகின்றது? முகத்தில் ஒன்றுமில்லை; பார்த்தவன் தன் மனதிலிருந்ததை எடுத்து அதில் அப்பிக்கொண்டான் என்பதுதானே? கல்லில் சக்தி இருக்கின்றது என்று நம்பிக் கும்பிடுகின்றவன் கதையும் இதுவேதான். கல் சும்மாயிருக்கின்றது, பயமும் ஆசையும் கும்பிடுகின்றவனுடையவை. ஆகவே கொலைகாரனுடைய வெறும் முகம் நம்மை இழுத்தால், அந்தப் பெருமை நம்முடைய உணர்ச்சிக்கும், பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தையும் பிணத்தையும் சரியாக வைக்கத் தெரிந்த டைரக்டருக்கும் சேர வேண்டியதேயொழிய மரக்கட்டைக்கு அல்ல. பக்கத்தில் ஒன்றும் வைக்கத் தெரியாத டைரக்டர், அதே முகத்தை இரண்டு மணி நேரம் காட்டினால் கொட்டகையில் குறட்டைதான் கேட்கும்.

இனி இரண்டாவது சாட்சிக்கு வருவோம். ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971-ல் எழுதிய நாவலை ஃபிரெட் ஜின்னமன் 1973-ல் "தி டே ஆஃப் தி ஜக்கால்" என்று படமாக்கினார். பிரெஞ்சு ஜனாதிபதி தெகோலை 22-8-1962ல் சிலர் சுட்டுக் கொல்லப் பார்த்துத் தவறியது மெய்யான சம்பவம். அதற்குப் பிறகு அக்கூட்டத்தார் 5 லட்சம் டாலருக்கு ஓர் அன்னிய தேசத்துக் கொலைகாரனை அமர்த்துவதாகக் கதை. தெகோல் 1970 நவம்பரில் தம் வீட்டிலேயே இயற்கையாக இறந்தவர். ஆகவே கொலை நடக்காது என்பது டிக்கெட்டு வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் எப்படித் திகில் வந்தது?

கொலைகாரன் சிரிக்காததனாலா? அல்ல. வேலையினால் வந்தது. கல்லறையில் செத்துப்போன குழந்தையின் பெயரைப் பார்த்து அப்பெயரில் பாஸ்போர்ட்டு வாங்குவதும், ஊன்றுகோலுக்குள் அடங்கும்படி துப்பாக்கி செய்விப்பதும், மரத்தில் தர்பூசணியைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்துவதும் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. தச்சன் இழைப்பதையும் குயவன் வனைவதையும் நாம் நின்று பார்ப்பதில்லையா? வேலை நேர்த்தியைப் பார்ப்பது மனிதனுக்கு ஓர் இன்பம். அந்த இன்பத்துக்கும் கல் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? இரக்கமுள்ள தச்சன் இழைத்தால் பலகை வழவழப்பாக இராதா?

அதோடு, அப்படத்தில் லெபெல் என்ற ஒரு போலீஸ் அதிகாரி இருக்கின்றார். பெரிய பெரிய மந்திரிகள் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, தூக்கங்கெட்டு, பெயர் தெரியாத ஒருவனைத் தேடுகின்றார். நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுவது அவருக்காகவும், வழியில் அந்தக் கொலைகாரனுக்கு அடைக்கலம் கொடுத்துச் சாகின்றவர்களுக்காகவுந்தான். லெபெலை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு பிரயாணக் குறிப்பு மாத்திரமே.

மூன்றாவது சாட்சி, 2023-ல் டேவிட் ஃபிஞ்சர் எடுத்த "தி கில்லர்". இதில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடிக்கும் கொலைகாரன், இரக்கப்படாதே, திட்டத்தை விட்டு விலகாதே என்று தனக்குத்தானே ஜெபம் செய்துகொண்டேயிருக்கின்றான். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 60க்குக் கீழே இறங்கினால்தான் சுடுவானாம்! இவ்வளவு அனுஷ்டானத்துக்குப் பிறகு சுட்டானே, குறி தவறி வேறொருத்தி செத்தாள். அதன் பலனாக அவனுடைய காதலியைச் சிலர் அடித்து நொறுக்கிவிட, அதற்குப் பழிவாங்கத்தான் மீதிப் படம் முழுவதும் ஓடுகின்றான். வாய் "உணர்ச்சி கூடாது" என்கின்றது. கால் உணர்ச்சியின் பின்னாலேயே ஓடுகின்றது. உபதேசம் ஒன்று, நடத்தை வேறொன்று என்ற அந்தப் புரட்டைப் பார்த்துச் சிரிப்பதுதான் அப்படத்தின் ருசி. கொலைகாரனின் ஜெபத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு திரிகின்ற ரசிகர்கள், டைரக்டர் தங்களையும் சேர்த்துத்தான் கேலி செய்கின்றார் என்பதை அறியவில்லை.

அதே படத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடியாட்களை ஏற்றிக்கொண்டு போன குற்றத்துக்காக ஒரு டாக்சிக்காரனைச் சுட்டுக் கொல்லுகின்றான். ஒரு வக்கீலிடம் சம்பளத்துக்கு வேலை செய்த பெண், தன் பிள்ளைகளுக்கு இன்ஷூரன்சுப் பணமாவது கிடைக்கும்படி தன் சாவை விபத்தாகக் காட்டும்படி கெஞ்சுகின்றாள், அவளையும் கொல்லுகின்றான். ஆனால் இத்தனைக்கும் பணம் கொடுத்த கோடீசுவரனை மிரட்டிவிட்டு உயிரோடு விட்டு வருகின்றான்! கல் நெஞ்சு எல்லோரிடத்திலும் ஒன்றுபோல் இருக்கும் என்கின்றார்களே, அது கூலிக்காரன் தலையில் இடியாகவும் பணக்காரன் வீட்டில் பூவாகவும் விழுவதேன்? இதைக் கண்டுபிடித்துக் கேட்பவனுக்குத்தான் அப்படம் விளங்கிற்று என்போம்.

கடைசி சாட்சி, கோயன் சகோதரர்கள் 2007-ல் எடுத்த "நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்". மாட்டை அடித்து வீழ்த்தும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மனிதரைக் கொல்லும் சிகர் என்பவனாக ஹாவியர் பார்டெம் நடித்தார். 2014-ல் பெல்ஜியம் தேசத்து மனநோய் வைத்தியர்கள் இருவர், 400 படங்களை ஆராய்ந்து, இரக்கமென்பதே அறியாத மனக்கோளாறு மெய்யாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கின்றவன் இந்தச் சிகர்தான் என்று எழுதினார்கள். ரசிகர்கள் இதைப் பெரிய ஆதாரமாகக் காட்டுகின்றார்கள். நல்லது, ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அவன் அப்படத்தின் கதாநாயகனா? ஆஸ்கார் பரிசு கொடுத்தவர்கள் கூடப் பார்டெமுக்குத் துணை நடிகர் பரிசுதானே கொடுத்தார்கள்! படம் ஆரம்பமாவதும் முடிவதும் ஒரு கிழப் போலீஸ்காரரின் மனவேதனையில் அல்லவா?

எல்லோரும் வியக்கும் காட்சி, சிகர் ஒரு பெட்ரோல் கடைக்காரனிடம் காசைச் சுண்டி, பூவா தலையா கேட்பது. அதில் நம் கண் யார் மேல் இருக்கின்றது? என்ன பந்தயமென்றே தெரியாமல் விழிக்கும் அந்த அப்பாவிக் கடைக்காரன் மேல். காட்சியிலிருந்து அவனுடைய பயத்தை எடுத்துவிட்டால், ஒருவன் காசு சுண்டினான் என்பதற்கு மேல் என்ன மிச்சம்? பின்னால் அதே காசை ஓர் இளம் விதவையிடம் நீட்டுகின்றான். அவள் கேட்க மறுத்துவிடுகின்றாள். தீர்மானிப்பது காசல்ல, நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றாள். "விதி, விதி" என்று சொல்லித் தான் செய்யும் அக்கிரமத்துக்குப் பொறுப்பில்லாமல் தப்பித்துக்கொள்ளுகின்ற எல்லோருக்கும் அவள் கொடுத்த சவுக்கடி அது. அடுத்த நிமிஷம் தெருவில் ஒரு மோட்டார் வந்து மோதி அவன் கை எலும்பு முறிகின்றது. அந்த மோட்டார் எந்தக் காசைக் கேட்டுக்கொண்டு வந்தது? படத்தின் உச்சி, கல் நெஞ்சின் வெற்றியல்ல. ஓர் ஏழைப் பெண்ணின் சுயமரியாதை என்பதுதான் நமது முடிவு.

"அப்படியானால் கொலைகாரனை அழவைத்தால் படம் நன்றாகிவிடுமா?" என்று நம்மைக் கேட்கலாம். ஆகாது. ஜக்கால் கதையையே 2024-ல் தொடராக எடுத்தவர்கள் அவனுக்கு மனைவியையும் குழந்தையையும் கொடுத்தார்கள். குடும்பத்தைக் கொடுத்துவிட்டதால் மாத்திரம் ஒருவன் மனிதனாகிவிடமாட்டான். அழுகையும் ஒரு முகமூடியாகலாம். கொலைகாரன் அழுகின்றானா, அழவில்லையா என்பது முக்கியமல்ல. அவன் எதிரில் நிற்பவனை மனிதனாகக் காட்டினார்களா என்பதே முக்கியம். அதைக் காட்டிய படம் நெஞ்சைப் பிடிக்கும். காட்டாத படம் பொம்மலாட்டம்.

ஒரு சினிமா விஷயத்துக்கு இத்தனை தூரம் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். உணர்ச்சியில்லாமையே ஆண்மை என்று கொட்டகையில் கற்றுக்கொள்ளும் வாலிபன் அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. "சொன்னதைச் செய்தேன், கூலியை வாங்கினேன், எனக்கென்ன?" என்பது உலகத்தில் ஒவ்வொரு அடியாளும் சொல்லும் சமாதானம். பண்ணையாருக்காக ஏழையின் குடிசையைப் பிரித்தெறிபவனும் இதைத்தான் சொல்லுவான். இதை ஒரு பெரிய தத்துவமாக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவதற்கு முன்னால், அத்தத்துவம் யாருக்கு உதவுகின்றது, யாரைக் கொல்லுகின்றது என்று கேட்க வேண்டாமா?

ஆகையால் தோழர்களே, இப்படங்களைப் பாருங்கள், நன்றாகப் பாருங்கள். ஆனால் துப்பாக்கி நீளும்போது, பிடித்திருப்பவன் முகத்தையே பார்த்துக்கொண்டிராதீர்கள், அதில் ஒன்றுமில்லை. எதிரே நிற்கின்ற கடைக்காரனையும், டாக்சிக்காரனையும், விதவையையும் பாருங்கள். வெளியே வந்தபின் கல் நெஞ்சின் பெருமை பேசுகின்றவரைக் கண்டால், "அந்த டாக்சிக்காரன் என்ன குற்றம் செய்தான்?" என்று ஒரு கேள்வி மாத்திரம் கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்லுகின்றார் என்று பார்ப்போம்.