மேடை இல்லாத பார்கள்

அண்ணா சாலையில் இருந்த சபையர் தியேட்டரை பழைய ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள்! அங்கேதான் 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியும் இருந்தது.

1969-ல் அந்த மேடையில் சேலை கட்டிய ஓர் இளம்பெண் ஆங்கிலப் பாட்டு பாடி அசத்தினார். அவர்தான் உஷா உதுப்!

பிறகு கல்கத்தா பார்க் தெருவில் 'டிரிங்காஸ்'. அடுத்து டெல்லி ஓட்டல் மேடை. அங்கே கேட்ட தேவ் ஆனந்த் குழுவினர் சினிமாவுக்கு அழைத்தனர். 2024-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

டிரிங்காசில் இன்றும் பாட்டு கேட்கிறது. சபையர் போய்விட்டது, நைன் ஜெம்சும் போய்விட்டது.

இப்போது இருப்பது டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். அங்கே பாட்டுக்கும் இடமில்லை, பேச்சுக்கும் இடமில்லை. 'குடிச்சோமா, போனோமா' என்பதுதான் கணக்கு.

குடிக்கு யாரும் கொடி பிடிக்க வேண்டாம். அதனால் அழிந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆனால் பாடத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு மேடை வேண்டாமா? மது எதற்கு? காபி ஓட்டலில் ஒரு மூலை, மாநகராட்சிப் பூங்காவில் ஒரு மைக், அது போதுமே!

அடுத்த உஷா எந்தச் சந்தில் பாடிக்கொண்டிருக்கிறாரோ! யார் கண்டது?