வீட்டில் போட்ட ஸ்டோரிக்குப் பள்ளியில் டி.சி.யா?

பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தாச்சு. யூனிஃபார்மையும் மாற்றியாச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவின் போனை வாங்கி, பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போடுகிறான். கெமிஸ்ட்ரி சாரைக் கிண்டல் செய்யும் ஒரு மீம். மறுநாள் பிரேயர் முடிவதற்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் ஹெச்.எம். கைக்குப் போய்விடுகிறது. (கொண்டுபோய்க் காட்டுவது பெரும்பாலும் கூடப் படிப்பவர்கள்தான்!) "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா, டி.சி.யை வாங்கிட்டுப் போ" என்று உத்தரவு வருகிறது.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எந்த ஊர்ப் பள்ளியிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மாணவன் போடும் போஸ்ட்டுக்குப் பள்ளி தண்டனை கொடுக்கலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2023 மார்ச் மாதம், பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் அமானி மல்லாபுரம் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ, மாணவிகள் வகுப்பறையில் மேஜை, பெஞ்சுகளை அடித்து உடைத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சம்பந்தப்பட்ட மாணவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அங்கே தவறு நடந்த இடம் வகுப்பறை, உடைந்தது அரசுச் சொத்து. வீடியோ வெறும் சாட்சிதான், அது வெளியே வராமல் இருந்திருந்தாலும் பள்ளி நடவடிக்கை எடுத்திருக்க முடியும். சிக்கல் வருவது, போஸ்ட் மட்டுமே 'குற்றம்' ஆகும்போதுதான்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் நடந்ததைப் பாருங்கள். திருவனந்தபுரம் செயின்ட் தாமஸ் சென்ட்ரல் பள்ளியில் 2017 ஜூலையில், பாட்டுப் போட்டியில் நன்றாகப் பாடிய பிளஸ் ஒன் மாணவியைப் பிளஸ் டூ மாணவன் ஒருவன் கட்டிப்பிடித்துப் பாராட்டினான். இருவருமே சஸ்பெண்ட். விஷயம் அதோடு நிற்கவில்லை. இருவரும் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம் படங்களையும் பள்ளி தோண்டி எடுத்தது. அவற்றால் பள்ளியின் பெயர் கெடுகிறது என்று வாதிட்டது. மாணவனைச் சேர்த்துக்கொள்ளும்படி மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் சொன்னது. பள்ளி ஹைகோர்ட்டுக்குப் போனது. 2017 டிசம்பரில் கேரள ஹைகோர்ட், 'ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு பள்ளி முதல்வருடையது' என்று சொல்லி ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது.

பப்ளிக் எக்ஸாம் நெருங்கிக்கொண்டிருந்தது. பையன் கிட்டத்தட்ட ஐந்து மாதமாக வகுப்புக்கே போகவில்லை. கடைசியில் அந்தத் தொகுதி எம்.பி. சசி தரூர் தலையிட்டுப் பேச, 2018 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. பையன் தேர்வு எழுதினான், 91 சதவீதம் வாங்கினான். எம்.பி. வரை விஷயம் போகாத பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே கேள்வி அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. பென்சில்வேனியாவில் 14 வயது மாணவிக்குப் பள்ளியின் சியர்லீடிங் முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கடையில் நின்றபடி பள்ளியையும் அணியையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டார். ஓர் ஆண்டுக்கு இளையோர் அணியிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். 2021 ஜூன் 23 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் மாணவி பக்கம் நின்றார்கள். பள்ளிக்குள் பேசுவதும் பள்ளியின் கையில், வெளியே பேசுவதும் பள்ளியின் கையில் என்றால், அந்தப் பிள்ளை 24 மணி நேரத்தில் எப்போதுதான் வாய் திறப்பது என்பது தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு பள்ளியின் கையை முழுசாகக் கட்டிவிடவும் இல்லை. சக மாணவரைக் கடுமையாகத் துன்புறுத்துவது, ஆசிரியரையோ மாணவரையோ மிரட்டுவது போன்றவை வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடலாம் என்றது.

அந்த இரண்டாவது பாதி நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம்.

2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிந்ததைத் தருமபுரி மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. இங்கே ஒரு மாணவன் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, அரிவாள் படத்தோடு ரீல்ஸ் விட்டால், அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? 'வெளியே நடந்தது எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று பள்ளி ஒதுங்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் தொந்தரவு செய்வதாகப் புகார் சொன்ன மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைப் பள்ளியில் அவிழ்த்துவிடலாம். சாயங்காலம் அதே கயிறு ரீல்ஸில் ஏறுகிறதே, அதற்குக் கத்தரிக்கோல் போதாது, பேச வேண்டும்.

உடன் படிக்கும் பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து போடுவதும் அப்படித்தான். அது குறும்பு கிடையாது, குற்றம். அங்கே பள்ளி டி.சி. கொடுத்துக் கதையை முடித்துவிடுவதே தப்பு. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் புகார் போக வேண்டும். 'பள்ளி பேரு கெட்டுடும்' என்று மூடி மறைத்தால் பாதிக்கப்பட்ட பெண்தான் படிப்பை நிறுத்துவாள்.

ஆக, சாரைக் கிண்டல் செய்யும் மீமும் சக மாணவியை அழவைக்கும் மார்ஃபிங்கும் ஒன்றல்ல. நம் பள்ளிகள் பல நேரம் இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் நீட்டுகின்றன: டி.சி.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தி போஸ்ட்டை வாசிக்க வைப்பது இதில் எந்தப் பக்கம் வரும் என்பதை ஆசிரியர்களே யோசித்துக்கொள்ளலாம்.

பெரிய வகுப்புகளுக்கும் கல்லூரிக்கும் புனே வழக்கு நல்ல பாடம். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் பற்றிய ஒரு பதிவை 19 வயது இன்ஜினீயரிங் மாணவி இன்ஸ்டாகிராமில் ரீபோஸ்ட் செய்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். சிங்காட் கல்லூரி அவரை நீக்கியது, போலீஸ் கைது செய்தது. மே 27 அன்று பாம்பே ஹைகோர்ட் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்காமலே நீக்கியதால் கல்லூரியின் உத்தரவையும் நிறுத்தி வைத்துத் தேர்வு எழுத அனுமதித்தது.

'கேட்காமலே' என்பதுதான் இங்கே முக்கியமான வார்த்தை. ஸ்கிரீன்ஷாட்டை எடிட் செய்ய இரண்டு நிமிடம் போதும். பிள்ளை பேரில் வேறு யாரோ போலி அக்கவுன்ட் நடத்தலாம். உட்கார வைத்து விசாரிக்காமல் இது தெரியவே தெரியாது.

தருமபுரியில் டி.சி.க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. குழந்தைத் திருமணங்கள் தொடர்ந்து நடக்கும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. பையனுக்கு டி.சி. கொடுத்தால் ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்குப் போய்விடுவான். ரீல்ஸ் போட்டதற்காகப் பெண்ணை அனுப்பினால்? "படிச்சது போதும்" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். இந்த ஆபத்து பெரும்பாலான ஹெச்.எம்.களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் டி.சி. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலை வந்தால், பதற்றத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'நாங்களாகவே டி.சி. கேட்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச வழி குறைந்துவிடும். எந்த போஸ்ட், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, எத்தனை நாள் நடவடிக்கை என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி மறுத்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

மனு எழுத உட்காருவதற்கு முன்னால் பிள்ளையிடம் அந்த போஸ்ட்டைக் காட்டச் சொல்லி நீங்களும் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுங்கள்.