ஸ்பீடு இருக்கு... ஆனா வீடியோ கால் ஏன் உறையுது? ரவுட்டருக்குள் நிற்கும் க்யூவின் கதை

வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட்டும் கிட்டத்தட்ட அதையே காட்டுகிறது. ஆனால், மாடியில் ஒருவர் கல்யாண வீடியோவை அப்லோட் செய்யத் தொடங்கினால் போதும். ஹாலில் பேத்தியோடு வீடியோ காலில் இருக்கும் தாத்தாவுக்குப் படம் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே இன்னும் பெரிய பிளானுக்கு மாறுகிறோம். பல வீடுகளில் பிரச்னை வேகத்தில் இல்லை, ரவுட்டருக்குள் நிற்கும் வரிசையில் இருக்கிறது.

வரிசை ஏன் நீள்கிறது?

நாம் அனுப்பும் வீடியோ, போட்டோ, பேச்சு எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக உடைந்துதான் போகின்றன. வெளியே போகும் பாதை நெரிசலானால், ரவுட்டர் அவற்றை பஃபர் எனும் தற்காலிக நினைவகத்தில் நிறுத்திவைக்கும். மெமரி விலை குறையக் குறைய, ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்று பஃபரைப் பெரிதாக வைத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

பாக்கெட் தொலைந்தால்தான், அனுப்பும் கருவி 'நெரிசல்போல' என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபரில் எதுவும் சீக்கிரம் தொலைவதில்லை. அதனால் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ரேஷன் கடையில் ஒருவரே 50 கார்டுகளோடு முன்னால் நின்றால், ஒரே ஒரு கார்டோடு பின்னால் நிற்பவரின் கதி என்ன? தாத்தாவின் வீடியோ காலுக்கும் அதே கதிதான்.

அமெரிக்காவில் பெல் லேப்ஸில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ், தன் வீட்டு இணையம் ஏன் இழுக்கிறது என்று 2010-ல் ஆராய்ந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தப் பிரச்னைக்கு அவர் வைத்த பெயர் 'பஃபர்ப்ளோட்'.

5 மில்லி செகண்ட் மருந்து

நெரிசலைச் சமாளிக்க சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1993-லேயே 'ரெட்' என்ற முறையைத் தந்திருந்தார்கள். ஆனால், அதன் அளவுகளை இடத்துக்கு ஏற்ப நாமே திருத்த வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று பலர் அதை ஆன் செய்யவே இல்லை.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 'கோடெல்' முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று இது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி செகண்டுக்கு மேல் தொடர்ந்து 5 மில்லி செகண்டைத் தாண்டியே இருந்தால், ஒரு பாக்கெட்டைக் கைவிடும். அனுப்பும் கருவி அதைப் புரிந்துகொண்டு நிதானிக்கும்.

எரிக் டுமாசே இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். அப்லோடுக்கு ஒரு வரிசை, வீடியோ காலுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாகப் பிரித்து, முறைவைத்து அனுப்பும் ஏற்பாடு. அதுதான் 'எஃப்க்யூ கோடெல்'. 2012 ஜூலையில் வந்த லினக்ஸ் 3.5-லேயே இது இடம்பிடித்துவிட்டது.

பூட்டு எங்கே, சாவி எங்கே?

இந்த மருந்து வீட்டு ரவுட்டர் வரை வந்ததற்குப் பின்னால் ஓர் உரிமைக் கதை இருக்கிறது. லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதை வைத்துப் பொருள் விற்பவர் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். கேள்விகள் எழ, 2003-ல் நிரல் வெளியானது. அதிலிருந்து 2004-ல் முளைத்ததுதான் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' எனும் இலவச ரவுட்டர் மென்பொருள். டேவ் டாட் தலைமையில் தன்னார்வலர்கள் கோடெலை வீட்டு ரவுட்டர்களில் சோதித்துப் பார்த்தது, இதிலிருந்து உருவாக்கிய 'செரோடபிள்யூஆர்டி'யில்தான். அன்று நிரல் பூட்டியே கிடந்திருந்தால், சோதிக்க ஒரு ரவுட்டரைத் திறந்து பார்ப்பதே கஷ்டமாகியிருக்கும்.

கோடெல் நிரலை பிஎஸ்டி, ஜிபிஎல் என இரண்டு உரிமங்களில் கொடுத்தார்கள். நிரலைத் திறந்து காட்ட விரும்பாத நிறுவனமும் பிஎஸ்டி வழியாக எடுத்துக்கொள்ளலாம். ரவுட்டர் கம்பெனிகளுக்குச் சாக்கு சொல்ல இடமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் 'காப்புரிமை' என்று சொல்லி இரண்டையும் கலந்துவிடுகிறோம். எழுதப்பட்ட நிரலுக்கு உள்ளது பதிப்புரிமை. அதன் பின்னால் உள்ள வழிமுறைக்குக் கோரப்படுவதுதான் பேட்டன்ட் எனும் காப்புரிமை. நிரலை இலவசமாகக் கொடுத்தாலும், வழிமுறைக்கு வேறொருவர் பேட்டன்ட் வைத்திருந்தால் வில்லங்கம் வரலாம். சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு, அந்த முறையில் சமைக்கக் காசு கேட்பது மாதிரி.

சிஸ்கோ பொறியாளர்கள் உருவாக்கிய 'பை' என்ற இன்னொரு வரிசை முறையில் இந்தக் கேள்வி எழுந்தது. தன்னிடம் பேட்டன்ட் உரிமை இருப்பதை, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிடம் சிஸ்கோ தெரிவித்தது. அதே முறைக்கான நிரல் 2014-ல் லினக்ஸில் சேர்ந்தது. அதை மேம்படுத்திய 'எஃப்க்யூ பை' 2020-ல் லினக்ஸுக்குள் போனதில் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் சூரத்கல் என்ஐடி குழுவின் உழைப்பு உண்டு. இந்தியச் சட்டத்திலோ, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறது 3(கே) பிரிவு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே, வேறொரு போனில் வீடியோ கால் பேசிப் பாருங்கள். அப்போது மட்டும் தடுமாறினால், பஃபர்ப்ளோட் இருக்க வாய்ப்பு அதிகம்.

* ரவுட்டர் செட்டிங்ஸில் 'எஸ்க்யூஎம்' அல்லது 'ஸ்மார்ட் க்யூ' இருந்தால் ஆன் செய்யுங்கள். வேக வரம்பை, உண்மையில் கிடைக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 90 சதவிகிதம் அளவில் வையுங்கள். ஸ்பீடு டெஸ்ட் எண் சற்றுக் குறையும். பேச்சு தடங்கலின்றிப் போகும்.

* ஓப்பன்டபிள்யூஆர்டி போட விரும்பினால், உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தப்பாக ஏற்றினால் ரவுட்டர் வேலை செய்யாமல் போகலாம், வாரன்டியும் போகலாம். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் கைவைக்கவே வேண்டாம்.

* புது ரவுட்டர் வாங்கும்போது, எத்தனை ஆன்டெனா என்று கேட்பதோடு, 'இதில் எஸ்க்யூஎம் இருக்கா?' என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழிக்கலாம். பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காவது ஸ்டாக் வைப்பார். மருந்து இலவசமாகக் கிடைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெட்டிக்குள் அது இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நாம்தான்.